அசல் மினிமோக்கா, மறுபதிப்பா, நகலா, ஐபேடா: நாலு லட்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தது

பாளையங்கோட்டையில் எனக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவர் வீட்டில் மினிமோக் என்கிற சிந்தசைசர் ஒன்று இருக்கிறது, மின்சாரத்தில் சத்தத்தை உருவாக்குகிற கீபோர்டு அது. மாடல் டி, அசல், எழுபதுகளில் செய்தது. அந்தக் காலத்தில் கப்பல் பேண்டில் வாசித்தவர் அவர். 1981ல் சிங்கப்பூரில் செகண்ட் ஹேண்டில் வாங்கி, போர்வையில் சுற்றித் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். இப்போது அவருக்கு விரல் சரியாக மடங்குவதில்லை. போன மாதம் பார்க்கப் போயிருந்தபோது, "தம்பி, எனக்குப் பெறவு இது பழைய சாமான் கடைக்குத்தான் போவும். வீட்டுல யாருக்கும் இதோட அருமை தெரியாது. நாலு லட்சம் குடு, நீ எடுத்துக்கோ" என்றார். வெளியில் இதைவிட அதிகம் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

நான் மெல்லிசைக் குழுவில் 22 வருடமாகக் கீபோர்டு வாசிக்கிறேன். சித்திரையிலும் ஆடியிலும் கோவில் கொடைகள், மற்ற மாதங்களில் கல்யாண வரவேற்புகள், டிசம்பரில் கொஞ்சம் சர்ச் நிகழ்ச்சிகள். நாலு லட்சம் என்பது எனக்குச் சின்னத் தொகை இல்லை. அதனால் ஒரு மாதமாக உட்கார்ந்து, அதே சத்தம் வேறு எந்த வழியில் கிடைக்கும், எவ்வளவு குறைவாகக் கிடைக்கும், எதை இழந்தால் கிடைக்கும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இதே கேள்வியோடு என்னைக் கேட்கிற பையன்கள் மூன்று நான்கு பேர் இருக்கிறார்கள், அவர்களுக்காகவும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் பெயர். பலர் 'மூக்' என்கிறார்கள். இதைச் செய்த கம்பெனியை ஆரம்பித்த ராபர்ட் மோக் தன் பெயரை நெடில் ஓகாரத்தோடுதான் சொல்வார். நம் 'மோகம்' என்ற சொல்லில் வரும் அதே மோ. அப்படி நினைவில் வைத்துக்கொண்டால் மறக்காது, பொருத்தமாகவும் இருக்கிறது.

இந்தப் பெட்டி மேல் ஏன் இத்தனை பேருக்கு இவ்வளவு பிரியம் என்று புரிந்தால்தான் ஒப்பிடவே முடியும். மினிமோக் வந்தது 1970ல். அதற்கு முன்னால் சிந்தசைசர் என்றால் அலமாரி அளவு, ஒயர்களைச் செருகிச் செருகித்தான் சத்தம் வர வைக்க வேண்டும். அப்படி ஒரு மோக் 1969லேயே அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு (என்ஐடி) வந்திருக்கிறது, டேவிட் டியூடர் என்ற அமெரிக்க இசைக்கலைஞர் வந்து ஸ்டூடியோவை அமைத்துக் கொடுத்தார். நம் நாட்டில் இது அப்போதே நடந்திருக்கிறது என்று படித்தபோது எனக்கு இரண்டு நாள் வேறு நினைப்பே ஓடவில்லை. அந்த அலமாரியைச் சுருக்கி ஒரு ஆள் தூக்கிப்போய் மேடையில் வைத்து வாசிக்கிற மாதிரி செய்ததுதான் மினிமோக். பில் ஹெம்சத் என்ற இன்ஜினியர் கம்பெனியில் கிடந்த உதிரிகளை வைத்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் முதல் மாதிரியைச் செய்தாராம். விற்பனைக்கு வந்தபோது விலை 1,495 டாலர். 1981 வரை செய்தார்கள், மொத்தம் 12,000 சொச்சம்தான்.

உள்ளே மூன்று ஆஸிலேட்டர், அதாவது சத்தத்தை உண்டாக்குகிற சர்க்யூட். அவை மிக்ஸரில் கலந்து ஒரு ஃபில்டருக்குள் போகும். ட்ரான்சிஸ்டர்களை ஜோடி ஜோடியாக ஏணிப்படி மாதிரி அடுக்கியிருப்பதால் அதற்கு ஏணி ஃபில்டர் என்றே பெயர். ஆக்டேவுக்கு 24 டெசிபெல் கணக்கில் மேலே இருக்கிற கூர்மையை வெட்டும். மிக்ஸரில் இருந்து ஃபில்டருக்குப் போகிற சிக்னல் இருக்க வேண்டிய அளவைவிட அதிகம், அது கணக்கில் நேர்ந்த பிழை என்று மோக்கே பின்னால் சொல்லியிருக்கிறார். அந்தப் பிழையால்தான் ஃபில்டர் லேசாகத் திணறி, சத்தத்துக்கு ஒரு கனமும் சூடும் வருகிறது. பிழை என்று தெரிந்தும் அப்படியே விட்டார்களே, அதற்கு நான் என்றைக்கும் நன்றி சொல்வேன்.

ஆனால் எனக்கு ஃபில்டரைவிடப் பெரிது கீபோர்டுக்கு இடது பக்கம் இருக்கிற இரண்டு சக்கரங்கள். இன்றைக்கு எல்லாக் கீபோர்டிலும் இருக்கிற, சுருதியை ஏற்றி இறக்குகிற பிட்ச் வீல் அந்த இடத்தில் அந்த வடிவத்தில் வந்தது மினிமோக்கில்தான். நம் ஊர்க்காரனுக்கு இது ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். சேரன்மகாதேவி தாண்டினால் காருகுறிச்சி. அருணாசலம் அவர்களின் நாகஸ்வரம் ஒலித்த ஊர். ராஜரத்தினம் பிள்ளையின் சிஷ்யர், 1964ல் மறைந்தார், இன்றைக்கும் எங்கள் பக்கத்தில் காலையில் ஏதாவது ஒரு கோவில் குழாயில் அவர் வாசிப்பு கேட்கும். அவர் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிற வழியில்தான் ராகமே இருக்கும், சுரத்தில் போய் நின்றபிறகு இல்லை. சாதாரணக் கீபோர்டில் நாகஸ்வரம் என்று ஒரு டோன் இருக்கும், அழுத்தினால் அந்தக் குரல் வரும், வழி வராது. மினிமோக்கில் குரல் நாகஸ்வரம் மாதிரியே இருக்காது, ஆனால் வழி வரும். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போக வைக்கிற கிளைடு குமிழை ஒரு பொட்டு திருகி, சக்கரத்தில் இடது கட்டைவிரலை வைத்து, ஃபில்டரை மெல்லத் திறந்தால் காந்தாரம் அசைந்து அசைந்து வந்து நிற்கும். பதினெட்டு வயதில் அண்ணாச்சி வீட்டில் இதைக் கேட்டுவிட்டு சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தவன் நான்.

சரி, தேர்வுகளுக்கு வருவோம்.

அசல்

அசலில் ஒன்றும் சேமிக்க முடியாது. ஒரு பாட்டுக்கு வைத்த குமிழ் நிலையை அடுத்த பாட்டுக்கு மாற்றினால் பழையதைக் கையால்தான் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டும். 44 கட்டைகள். ட்ரான்ஸ்போஸ் பட்டன் கிடையாது, பாடகர் கடைசி நிமிடத்தில் 'அரைக் கட்டை இறக்குங்க' என்றால் ட்யூன் குமிழைத் திருகிக் காதால் சேர்க்க வேண்டும். இரண்டு கட்டையைச் சேர்த்து அழுத்தினால் கீழே இருப்பதுதான் ஒலிக்கும். நம் கை பழகியிருப்பது கடைசியாக அழுத்தியது ஒலிப்பதற்கு. அதனால் பிருகா வாசிக்கும்போது கீழ்க்கட்டையை முழுதாக விட்டால்தான் மேலே போக முடியும். ஒரு மாதம் விரல் தடுமாறும், அப்புறம் பழகிவிடும். பிட்ச் வீலில் ஸ்பிரிங் இல்லை, விட்டால் நடுவுக்குத் தானாகத் திரும்பாது. மேற்கத்திய வாசிப்புக்கு இது தொல்லை என்பார்கள். கமகத்துக்கு இது வரம். சக்கரம் நம் விரலை எதிர்த்து இழுக்காது, எவ்வளவு தள்ளினோமோ அவ்வளவில் நிற்கும், அதனால் மெதுவான அசைவில் கைக்கு முழுச் சுதந்திரம் உண்டு. இதை நான் கடைசிவரைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பெரிய பிரச்சினை சூடு. ஆஸிலேட்டர்கள் வெப்பநிலைக்குத் தக்கபடி சுருதி நகரும். அதிலும் ஆரம்ப காலப் போர்டுகள் ரொம்ப நகரும், பிற்காலத்தில் மாற்றிய போர்டு பரவாயில்லை. வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி எந்த ஆஸிலேட்டர் போர்டு என்பதுதான். போட்டவுடன் வாசிக்கவும் கூடாது, அரை மணி நேரமாவது சூடாக விட வேண்டும். இப்போது கொடை மேடையை நினைத்துப் பாருங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு சவுண்ட் செக், தகரம் இன்னும் கொதிக்கிறது. சாமக்கொடை நேரத்துக்கு வயல்காற்று குளிர்ந்து வீசுகிறது. நடுவில் ஜெனரேட்டர் இரண்டு தடவை நின்று வருகிறது. அந்த இடத்தில் மூன்று ஆஸிலேட்டரையும் ஒரே சுருதியில் நிறுத்தி வைப்பது வேலைக்கு ஆகாது. எடை வேறு பன்னிரண்டு கிலோவுக்கு மேல், மரச்சட்டம், வேனில் ஸ்பீக்கர் பெட்டிக்கு அடியில் போட முடியாது.

ஆனால் ஒரு விஷயம் என்னை ஆச்சரியப்படுத்தியது. ஐம்பது வருடப் பழசு என்றால் ரிப்பேர் செய்ய ஆள் கிடைக்காது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஜங்ஷன் பக்கம் ஆம்ப்ளிஃபயர் சர்வீஸ் பார்க்கிற ஒருவரை அண்ணாச்சி வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பெட்டியைத் திறந்து காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் பார்த்தவர், "இது நம்ம பழைய ஆம்ப்ளிஃபயர் மாதிரிதான வே இருக்கு" என்றார். பெரும்பாலும் தனித்தனி ட்ரான்சிஸ்டர், ரெசிஸ்டர், கெபாசிட்டர், எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற அளவில், சாதாரண சால்டரிங் அயர்னால் எடுத்துப் போடலாம். சர்க்யூட் படமும் கிடைக்கிறது. கட்டைகளுக்கு அடியில் இருக்கிற கம்பித் தொடுப்புகள் உப்புக்காற்றில் கறுத்துப்போய் நான்கு கட்டை விட்டு விட்டு ஒலிக்கிறது, அதைச் சுத்தம் செய்தால் போதும் என்றார். கட்டைகளின் ரப்பர் இறுகியிருக்கிறது, மாற்ற வேண்டும். பிற்காலப் போர்டில் இருக்கிற, தன்னைத்தானே சூடாக்கிக்கொள்கிற ஜோடி ட்ரான்சிஸ்டர் சிப் மட்டும் போனால் கஷ்டம், அதை இப்போது யாரும் செய்வதில்லை. அந்த ஒன்றைத் தவிர, இந்தப் பெட்டியை திருநெல்வேலியிலேயே வைத்து இன்னும் ஐம்பது வருடம் ஓட்டலாம்.

மோக் கம்பெனியே செய்த மறுபதிப்பு

2016ல் ஒருமுறை கொண்டுவந்தார்கள், 2022ல் மறுபடி 4,999 டாலருக்குக் கொண்டுவந்தார்கள். அதே சர்க்யூட், கூடவே மற்ற கருவிகளோடு இணைக்க மிடி, சத்தத்தை மெதுவாக அசைக்கிற தனி எல்எஃப்ஓ. 2022ல் வந்ததில் பிட்ச் வீலுக்கு ஸ்பிரிங்கும் வைத்துவிட்டார்கள். நல்ல பொருள்தான், சந்தேகமில்லை. ஆனால் இங்கே வந்து சேர கப்பல் கூலி, கஸ்டம்ஸ், ஜிஎஸ்டி என்று கூட்டினால் அண்ணாச்சி கேட்கும் தொகையைத் தாண்டிவிடும். அவ்வளவு கொடுத்து நான் ஆசைப்பட்ட அந்த ஸ்பிரிங் இல்லாத சக்கரம் கிடைக்காது என்றால் எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. கம்பெனியும் 2023ல் இன்மியூசிக் என்ற நிறுவனத்திடம் கைமாறிவிட்டது. அமெரிக்காவில் ஆஷ்வில் என்ற ஊரில் கையால் கோத்துச் செய்தார்கள் என்பதில் பிரியம் வைத்திருந்தவர்களுக்கு அது வருத்தம்தான், எனக்கும் இருந்தது. பணம் பிரச்சினை இல்லை, பழசைப் பராமரிக்கப் பொறுமை இல்லை என்பவர் தாராளமாக இதை எடுக்கலாம்.

நகல்

பெரிஞ்சர் என்ற வேறொரு கம்பெனியின் மாடல் டி. இதைப் பற்றி மோக் பிரியர்களிடம் பேச்செடுத்தால் சண்டை வரும். அடுத்தவர் சர்க்யூட்டை அப்படியே எடுத்து மலிவாக விற்கிறார்கள் என்று கோபம். அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஏணி ஃபில்டரின் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. மோக் செய்ததை வாழ்நாளில் ஒருமுறையாவது தொட வேண்டும் என்று ஆசைப்படுகிற நாங்குநேரிப் பையனுக்கு 300 டாலர் அளவில் ஒரு கதவு திறந்தது என்பதையும் நான் சேர்த்தே பார்க்கிறேன்.

இதில் கட்டைகள் கிடையாது, பெட்டி மட்டும். இரண்டு கிலோகூட வராது. வீட்டில் கிடக்கிற ஏதாவது ஒரு மிடி கீபோர்டை இணைத்துக்கொள்ள வேண்டும். மூன்று ஆஸிலேட்டர், ஏணி ஃபில்டர், எல்லாம் நிஜமான அனலாக். அண்ணாச்சி வீட்டுக்கே எடுத்துப்போய் இரண்டையும் ஒரே ஸ்பீக்கரில் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டோம். தனியாக, அறைக்குள், கவனித்துக் கேட்டால் அசலில் கீழ்ச்சத்தம் இன்னும் கொஞ்சம் அகலமாக இருக்கிறது, ஃபில்டரைத் திறக்கும்போது அசல் உருண்டு திறக்கிறது, நகல் சற்று நேராகத் திறக்கிறது. அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஆறில் ஐந்து தடவை சரியாகச் சொன்னார். நான் நான்கு. எங்கள் டிரம்மர் மூன்று, அதாவது காசு சுண்டிப் போட்டதற்குச் சமம். தவில் மாதிரி முழங்குகிற பேஸ் டிரம்முக்கும் நான்கு ஹார்ன் ஸ்பீக்கருக்கும் நடுவில், பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற ஊருக்கு இந்த வித்தியாசம் போய்ச் சேராது.

எனக்கு உறுத்தியது வேறு. குமிழ்கள் ரொம்ப நெருக்கம். அசலில் இருட்டில்கூடக் கை தானாகப் போய் ஃபில்டர் குமிழைப் பிடிக்கும், இதில் இரண்டு விரலால் கிள்ளித் திருக வேண்டும். இன்னொன்று, உள்ளே எல்லாம் பொடிப்பொடியான எஸ்எம்டி பாகங்கள். அதே ஜங்ஷன் சர்வீஸ்காரர் இதைப் பார்த்துவிட்டு, "இது போச்சுன்னா புதுசு வாங்கிக்கிடுங்க" என்று மூடிவிட்டார். புதிது தூக்கிப்போடுகிற பொருள், பழையது சரிசெய்கிற பொருள்: ஒப்பிட ஆரம்பிக்கும்போது இப்படித் தலைகீழாக வரும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. ஆனாலும் மேடைக்கு என்று பார்த்தால், மழையில் நனைந்தாலும் வேனில் விழுந்தாலும் உயிர் போகாத விலை இதற்குத்தான்.

ஐபேட், கம்ப்யூட்டர்

மோக் கம்பெனியே 2018ல் ஐபேடுக்கு மினிமோக் மாடல் டி செயலி கொண்டுவந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அதைக் கொஞ்ச நாள் இலவசமாகவே கொடுத்தார்கள். கொடைகள் எல்லாம் நின்றுபோய், கையில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்த அந்த மாதங்களில் மச்சான் மகனுடைய ஐபேடை வாங்கி நான் கற்றுக்கொண்டதுதான் அதிகம். எந்தக் குமிழ் என்ன செய்யும், மூன்றாவது ஆஸிலேட்டரை எல்எஃப்ஓவாக எப்படித் திருப்புவது, வெளியே போகிற சத்தத்தைத் திரும்ப உள்ளே விட்டுக் கனப்படுத்துகிற அந்தப் பழைய வித்தை, எல்லாம் அதில்தான் பழகினேன். சேமித்து வைக்கலாம், ஒரே நேரத்தில் நான்கு சுரம் வரை கேட்கலாம். அசலில் இரண்டுமே முடியாது. ஆண்ட்ராய்டு வைத்திருப்பவருக்கு இது இல்லை. கம்ப்யூட்டர் என்றால் ஆர்ட்டூரியா கம்பெனியின் மினி வி என்ற மென்பொருள் இருக்கிறது, மோக்கின் ஒத்துழைப்போடு வந்து அப்புறம் பல பதிப்பு கண்டது.

சத்தம் கெட்டியாகத்தான் இருக்கிறது. ரெக்கார்டிங் மட்டும் செய்கிறவர் கண்ணை மூடிக்கொண்டு இதோடு நின்றுவிடலாம். கண்ணாடியைத் தேய்த்துக் கமகம் வாசிக்க முடியவில்லை என்பதுதான் என் குறை, ஒரு மிடி கீபோர்டை இணைத்தால் அதில் பாதி தீரும். மேடையில் நான் நம்ப மாட்டேன். களக்காடு பக்கம் ஒரு கொடையில் பல்லவிக்கு நடுவே லேப்டாப் சூடாகி நின்றுபோய், பாடகி ஒருத்தியாகவே சரணத்தை முடித்தார். அந்த அமைதியை நான் இன்னொரு தடவை கேட்க விரும்பவில்லை.

மோக் பெயரிலேயே வேறு கருவிகளும் உண்டு. அதில் சப்சீக்வன்ட் 37 ஒன்றைத்தான் சொல்லத் தோன்றுகிறது. 37 கட்டை, இரண்டு ஆஸிலேட்டர், 256 சத்தங்களைச் சேமிக்கலாம், சுருதி நகராது. மேடைக்காரனுக்கு ஒரே பெட்டியில் எல்லாம் முடிய வேண்டும், மோக் பெயரும் வேண்டும், பட்ஜெட் அசலில் பாதிக்கும் கீழே இருக்கட்டும் என்றால் அதுதான். அது மினிமோக் இல்லை, தனிக் குணம், கொஞ்சம் கடுமையான குரல்.

என்னைக் கேட்கிற பையன்களுக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். முதலில் செயலியில் மூன்று மாதம் பழகுங்கள். அப்போதும் ஆசை குறையவில்லை என்றால் நகலை வாங்கி மேடைக்கு எடுத்துப்போங்கள். அசலுக்காகக் கடன் வாங்காதீர்கள், நகைக்கடன் வேண்டவே வேண்டாம். அசல் வாங்குகிறவருக்கு மூன்று விஷயம் இருக்க வேண்டும்: பூட்டி வைக்க ஒரு அறை, சால்டரிங் தெரிந்த ஒரு மனிதர், வாரத்துக்கு ஒருமுறையாவது போட்டுச் சூடேற்றுகிற பழக்கம். போடாமல் வைத்திருந்தால் கெபாசிட்டரும் தொடுப்பும் தானாகக் கெடும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 110 வோல்ட்டா 230 வோல்ட்டா என்று பின்பக்கம் பார்க்காமல் பிளக்கைச் செருகாதீர்கள்.

என் முடிவு இதிலிருந்து கொஞ்சம் விலகியது. மேடைக்கு நகலை எடுத்துவிட்டேன், வைகாசியிலிருந்து அதுதான் வேனில் வருகிறது, ஒரு குறையும் இல்லை. அதோடு நிறுத்தியிருந்தால் கணக்கு சரியாக இருந்திருக்கும். ஆனால் அண்ணாச்சியின் மினிமோக்கில் இடது சக்கரத்தின் ஓரம், நாற்பது வருடமாக அவர் கட்டைவிரல் பட்டுப் பட்டு, வழவழவென்று தேய்ந்திருக்கிறது. அந்த இடத்தில் என் விரலை வைத்தால் தோடியின் காந்தாரம் எங்கே இருக்கிறது என்று அதுவே காட்டுகிறது. இதைக் கடையில் எந்த விலைக்கும் விற்க மாட்டார்கள். மறுபதிப்புக்கும் நகலுக்கும் நடுவில் எத்தனை தடவை கணக்குப் போட்டாலும் என் கை அங்கேதான் போகிறது.

அண்ணாச்சியிடம் பேசிவிட்டேன். பாதி இப்போது, மீதி ஆடிக்கொடைப் பணம் வந்ததும். கட்டைகளின் ரப்பரையும் தொடுப்புகளையும் ஜங்ஷன்காரர் அவர் வீட்டிலேயே வந்து செய்துதருவதாகச் சொல்லியிருக்கிறார், அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஆடி முடிந்ததும் கார் பிடித்து, பின்சீட்டில் மெத்தை விரித்துக் கொண்டுவரப் போகிறேன். மாடி அறை ஜன்னலுக்கு மேற்கு வெயில் அடிக்கும், அதற்குள் அங்கே ஒரு தட்டி கட்டிவிட வேண்டும்.